களிம்பு யாருடையது, பாய்?

இன்று மத்தியானம் ஐப்பசியின் முதல் பெரிய மழை பிடித்தது. கடையின் தகரக் கூரைமேல் ஜல்லியைக் கொட்டுவது மாதிரி சத்தம். எதிரே சாலையோரம் தோல் ஏற்றிய வண்டி ஒன்று ஒதுங்கி நின்றது. தார்ப்பாயைச் சரியாக மூடவில்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் நனைந்த வாசனை நேராகக் கடைக்குள் வந்து, என் மேஜைக்கு எதிரே இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது. அந்த ஸ்டூல் உங்களுடையது. ஊரில் எல்லோரும் அதை நாற்றம் என்பார்கள். நீங்கள் ஒருவர்தான் வாசனை என்று சொல்லிச் சொல்லி என்னையும் பழக்கிவிட்டீர்கள்.

உங்களுக்கு எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. தினமும் பார்க்கிற ஆளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது ஒரு விஷயம் பாக்கி நிற்கிறது. சமாதானம் பேச வரவில்லை, பாய். அதே பழைய சண்டைதான்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளின் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்தேன். நெய்வது பிடிக்கவில்லை, தறி நின்றுபோனால் அதைச் சரிசெய்வது பிடித்தது. யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றினேன், மாட்டினேன், கீழே மிச்சம் கிடந்த ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு மறுபடியும் கழற்றினேன். அப்படித்தான் கற்றேன். அதனால் எனக்கு ஒன்று தெரியும் என்றால் தெரியும். அதை இன்னொருவருக்காக விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நீங்கள் தோல் பதனிடுகிற டேனரியில் தரம் பிரிக்கிறவர். ஓர் ஆட்டுத்தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முதுகு வழியாகக் கட்டைவிரலை ஓட்டி, அது எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு சொல்வீர்கள். அந்தத் தீர்ப்பை முதலாளி மாற்றி நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் ரேடியோவுக்குத் தோல் உறை, டார்ச்சுக்குத் தோல் உறை, மூக்குக் கண்ணாடிக்குத் தோல் உறை. நல்ல சாமான் எதுவும் தோல் இல்லாமல் இருந்தால் உங்களுக்குப் பொறுக்காது. “இப்படி அம்மணமா வெச்சிருக்கீங்களே மேஸ்திரி,” என்று என் ஸ்க்ரூ டிரைவர்களைப் பார்த்தே ஒருமுறை வருத்தப்பட்டீர்கள்.

நாம் சந்தித்தது எழுபதுகளின் தொடக்கத்தில், வேலூரில் ஒரு பழைய சாமான் கடையில். நான் பல்சக்கரங்களுக்காகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். உடைந்த ஸ்டவ்களுக்கு அடியில் பித்தளையில் வட்டமாக ஏதோ தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். மறுபக்கம் யாரோ இழுத்தார்கள்.

“இன்னா சார், இத்த நான் பாத்துக்கினு இருந்தேன்,” என்றீர்கள்.

“நீங்க பாத்துக்கினு இருந்தீங்க. நான் புடிச்சிக்கினு இருக்கேன்.”

“கைப்பிடி உங்க கையில, உடம்பு என் கையில. இன்னா பண்லாம், நடுவுல அறுத்துக்கலாமா?”

கடைக்காரருக்கே அது என்னவென்று தெரியவில்லை. சின்னக் கிணற்று ராட்டை என்றார். எனக்கு எங்கள் வீட்டில் நூல் சுற்றுகிற ராட்டை ஞாபகம் வந்தது. அது மீன் பிடிக்கிற ரீல் என்று சொன்னவர் நீங்கள். வெள்ளைக்காரர்கள் தூண்டில் கோலின் அடியில் இதை மாட்டி உள்ளே நூலைச் சுற்றி வைத்திருப்பார்கள், மீன் இழுத்தால் நூல் ஓடும், நூல் ஓடினால் இது கத்தும் என்றீர்கள். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். கத்தவில்லை. உள்ளே துரு.

“நான் கத்த வெக்கறேன்,” என்றேன்.

“நீங்க கத்த வெச்சா, நான் அதுக்கு ஒரு உறை தெச்சுத் தர்றேன்.”

நான் கத்த வைத்தேன். நீங்கள் உறை தைத்தீர்கள். நம் வியாதி அப்படி ஆரம்பித்தது.

பிறகு ஜோலார்பேட்டை ரயில்வே காலனிக்கு அலைந்தோம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. வாசலில் கட்டிலும் மேஜையும் கிராமபோனும் விற்பனைக்குக் கிடக்கும். எல்லோரும் கட்டிலைப் பார்ப்பார்கள். நாம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்போம். பித்தளையில் கிடைத்தது, மரமும் பித்தளையும் சேர்ந்தது கிடைத்தது, எபனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பரில் தட்டு வைத்தது கிடைத்தது. ஒரு வீட்டில் சமையல்காரம்மா ரீலைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பல் எல்லாம் மழுங்கிப்போயிருந்தது. வெளியே வந்து நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் ஆற இரண்டு நாள் ஆயிற்று.

ரீல்களுக்கு வருஷத்தில் ஒரு நாள். மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை. டேனரிக்கு லீவு, நீங்கள் ஜும்மா முடிந்து வருவீர்கள், நான் கடையைப் பாதி சாத்தியிருப்பேன். எல்லா ரீலையும் கழற்றுவோம். ஒவ்வொரு ரீலின் ஸ்க்ரூவும் தனித்தனித் தீப்பெட்டியில் போகும். ஒன்றின் ஸ்க்ரூ இன்னொன்றில் ஏறவே கூடாது. பழைய நூலை உருவி எறிவோம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால். மண்ணெண்ணெயில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் பல்லிடுக்கைச் சுரண்டி, வெயிலில் காயவைத்துத் துடைப்போம். பாலிஷ் கிடையாது. வயசான பித்தளைக்கு ஒரு நிறம் உண்டு, அதைச் சுரண்டக் கூடாது என்பது என் சட்டம். அதை மட்டும் நீங்கள் எதிர்க்கவில்லை.

கடைசியில் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து நானே தயாரித்தது. மெஷின் எண்ணெய் மட்டும் போட்டால் ஓடிவிடும். விளக்கெண்ணெய் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கோழி இறகால் தொட்டு அச்சில் ஒரு சொட்டு, நாக்கில் ஒரு சொட்டு. நாக்கு என்பது உள்ளே பல்லில் பட்டுச் சத்தம் எழுப்புகிற சின்ன இரும்பு. அதைத் தாங்குவது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு ஸ்பிரிங். நீங்கள் என் எண்ணெயைக் கஷாயம் என்பீர்கள். “மேஸ்திரி, கஷாயம் குடுத்துட்டீங்களா? புள்ளைங்கள தூங்க வெக்கலாமா?” என்று கேட்டு, ஒவ்வொன்றாக உறைக்குள் போடுவீர்கள்.

பெரிய ரீல் நம்மிடம் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எஞ்சின் டிரைவராக இருந்து இறந்துபோனவரின் மனைவி, மகளோடு போய் இருக்கக் காலனியைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாம் போனபோது பாதி வீடு காலியாக இருந்தது. சன்னல் திட்டில் அது இருந்தது. உள்ளங்கையை விரித்தாலும் மூட முடியாத பித்தளை. கைப்பிடிக் குமிழ் கொம்பில் கடைந்தது.

“இன்னா மேன், வாயப் பொளந்துக்கினு நிக்கறே? எடு கையில,” என்றார் என்னைப் பார்த்து.

“வெல சொல்லுங்கம்மா,” என்றீர்கள்.

“வெலையா? என் ஆளு சுத்துன சாமான் அது. விக்கமாட்டேன். என் தையல் மெஷின் ஓடல. டிரங்குக்கு வாரு அறுந்து போச்சு. அத்த ரெண்டும் பண்ணிக் குடு, இத்த எடுத்துக்கினு போ. ஆனா இதால மீனு புடிக்கணும். பீரோல வெச்சுப் பூசை பண்ணாதே.”

மெஷினை ஓட வைத்தேன். நீங்கள் டிரங்குகளுக்குப் புது வார் போட்டீர்கள். கிளம்புகிற அன்று அந்த அம்மா ரீலை எடுத்து ஒரே ஒரு முறை பின்பக்கமாகச் சுண்டிவிட்டார். ‘கர்ர்ர்’ என்று அந்தக் காலி வீடு முழுக்கச் சத்தம் போயிற்று. அது தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உங்கள் கையில் கொடுத்தார். என் கையில் அல்ல. மெஷின் ஓடவைத்தவன் நான். வார் போட்டவர் கையில் கொடுத்தார். அது எனக்கு இன்றும் மனசில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கு சைக்கிளில் போவோம். நீங்கள் மைதா உருண்டையில் கொஞ்சம் பட்டை, கிராம்பு பொடித்துப் போடுவீர்கள். நம்ம பக்கத்து மீன் மசாலா இல்லாமல் வாயைத் திறக்காது என்பது உங்கள் கணிப்பு. அந்த ஏரியில் கெண்டையைத் தவிர என்ன வரும்? கரையில் மாடு கழுவுகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

“இன்னாயா, அவ்ளோ பெரிய ராட்டைய வெச்சிக்கினு இத்துனூண்டு கெண்டையா?”

“ஏரி சின்னதா கீதுப்பா. நாங்க இன்னா பண்றது?” என்று நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள்.

ஒரே ஒரு நாள் பெரிதாக ஏதோ பிடித்தது. என்ன மீன் என்று நாம் பார்க்கவே இல்லை. ரீல் கத்த ஆரம்பித்தது. நூல் ஓட ஓடக் கத்தியது. நீங்கள் கோலை என் கையில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். சத்தம் நின்றபோது நூல் தளர்ந்து கிடந்தது. நான் தலையில் கை வைத்தேன். “போனாப் போவட்டும் மேஸ்திரி. பாட வெச்சிட்டுப் போச்சே,” என்றீர்கள்.

அந்த ரீலுக்கு நீங்கள் தைத்த உறைபோல வேறு எதற்கும் தைத்ததில்லை. நீங்களே பொறுக்கி எடுத்த தோல், ஆவாரம் பட்டையில் பதனிட்டது, மேலே தேன் நிறம், உள்ளே வெல்வெட் மாதிரி. மற்ற உறைகள் தொளதொளப்பாக இருக்கும்; இதற்குள் ரீல் போனால் காற்றுகூட நுழையாது. நான் அப்போதே சொன்னேன். பெல்ட்டில் பக்கிளைப் பாருங்கள் பாய், வெளிப்பக்கம் நன்றாக இருக்கும், தோல் படுகிற உள்பக்கம் மட்டும் பச்சையாக இருக்கும் என்றேன். அது இடுப்பு வேர்வை என்றீர்கள். சரி, பார்க்கலாம் என்று விட்டேன்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. தையில் உறையின் கயிற்றை நீங்கள்தான் அவிழ்த்தீர்கள். ரீல் வெளியே வரவில்லை. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பித்தளை முழுக்கக் களிம்பு. வெற்றிலைச் சாற்றைத் தெளித்துக் காயவைத்தது மாதிரி பச்சைப் பொடி. துடைத்தால் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழி. கைப்பிடியைத் திருப்பினேன். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் போயிற்று.

“இன்னா பாய் இது?”

“என்னிய கேக்கறீங்க? நீங்க ஊத்துன கஷாயம்தான். வேற இன்னா?”

“கஷாயமா? உங்க தோலு தின்னுடுச்சு.”

“என் தோலா? மேஸ்திரி, தோலப் பத்தி எங்கிட்டயே பேசறீங்களா? தோலு கெட்டுப்போவும். ஆனா கூட இருக்கறத கெடுக்காது.”

“கெடுத்திருக்குதே. கண்ணத் தொறந்து பாருங்க.”

“வெளக்கெண்ணெய போய் வெள்ளைக்காரன் சாமான்ல ஊத்துனா வேற இன்னா ஆவும்? பேதிதான் ஆவும்.”

நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிப்பு வர வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு தையல் மெஷினின் பாபின் ஸ்பிரிங்கைத் தேய்த்து அதில் வைத்துப் பார்த்தேன். கத்தியது, ஆனால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தக் காலி வீட்டில் கேட்ட சத்தம் திரும்பவே இல்லை. இதால் மீன் பிடிக்க வேண்டும் என்று ரீலைக் கொடுத்த அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? எண்ணெயா, தோலா? நானா, நீங்களா? அதுதான் கேள்வி. அதைத் தவிர நமக்குள் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

நீங்கள் ஏன் அவ்வளவு சூடானீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வருஷம்தான் உங்கள் டேனரியில் பட்டைத் தொட்டிகளை மூடிவிட்டு முழுக்க குரோம் என்கிற ரசாயனத்துக்கு மாறினார்கள். நீல நிறத்தில் ஈரமாக வருகிற அந்தத் தோலைத் தொட்டால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பீர்கள். பட்டைத் தோல் வேண்டாம் என்று முதலாளி சொல்லியாயிற்று, வாங்குகிறவன் சொல்லியாயிற்று. இப்போது நானும் வந்து, பட்டைத் தோல் பித்தளையைத் தின்கிறது என்கிறேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. அதற்காகக் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல முடியுமா, பாய்? உங்கள் மனசு நோகக் கூடாது என்று பித்தளை பச்சையாகாமல் இருக்குமா?

அடுத்த தையில் நாம் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். நான் தீப்பெட்டிகளை எடுத்து வைத்தேன். பேச்சை விட்டோமே தவிர, வேலையை யாரும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: “அந்த பிரஷ்ஷ யாராவது இப்படித் தள்ளுனா புண்ணியமாப் போவும்.” நான் கூரையைப் பார்த்துச் சொன்னேன்: “வேணும்னா கை நீட்டி எடுத்துக்கலாம். யாரும் கையக் கட்டி வெக்கல.” சாயந்திரம்வரை சுவரும் கூரையும்தான் பேசிக்கொண்டன. எண்ணெய் தொட்ட ரீல்களை நீங்கள் உறையில் போடவில்லை. பக்கத்தில் வெறுமனே வைத்துவிட்டு, உறைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். போகிற வழியில் பிரியாணிக் கடையில் நின்று, மேஸ்திரி விளக்கெண்ணெய் ஊற்றி ஒரு நல்ல ரீலைக் கொன்றுவிட்டார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது மறுநாள் காலை என் காதுக்கு வந்தது. எண்ணெய் மேஸ்திரி என்று எனக்குப் பேரே ஆயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அந்த உறையின் உள்பக்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

ஸ்டேஷன் பக்கத்துப் பிரியாணிக் கடைக்காரர்தான் கடைசியில் வழி சொன்னார். நீங்கள் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“என் கடைய கோர்ட்டு ஆக்கிட்டீங்கப்பா ரெண்டு பேரும். இவரு ஒரு வாயிதா, அவரு ஒரு வாயிதா. பேஜாரா கீது. ஒண்ணுல தோலு, ஒண்ணுல எண்ணெ, வெச்சுப் பாத்துட்டுப் போங்களேன்.”

நம்மிடம் ஒரே மாதிரி இரண்டு சின்னப் பித்தளை ரீல்கள் இருந்தன, ஒரு பிரசவத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டையும் அவர் எதிரிலேயே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். ஒன்றில் என் எண்ணெய், உறை கிடையாது. மற்றொன்றுக்கு எண்ணெய் கிடையாது. பெரிய உறையில் மிச்சமான அதே தோலில் நீங்கள் தைத்த உறை. இரண்டும் ஒரே மரப்பெட்டிக்குள், அவருடைய பூட்டு போட்டு, கல்லாவுக்கு மேலே பலகையில் ஏறின. மழை முடிந்ததும் இரண்டு பேரும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். தோற்றவர் கூட்ட நேரத்தில் கடை நடுவில் நின்று, தோத்துட்டேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள். “தொண்டைய நல்லா வெச்சிக்குங்க மேஸ்திரி. கத்த வேண்டியிருக்கும்.”

அந்த மழைக்காலம் எவ்வளவு நன்றாக இருந்தது! மறுபடி ஸ்டூலுக்கு வந்தீர்கள். மழை பலமாகப் பெய்கிற நாளில் நான் கையைத் தேய்த்துக்கொள்வேன். வெயில் அடித்தால் நீங்கள்.

கார்த்திகையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்க வந்தபோது உங்களைப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள் முதலில் கேட்டதே அதுதான்.

“தொறந்துட்டீங்களா?”

“இல்ல பாய்.”

“தொறக்காதீங்க. நான் வந்துர்றேன். நான் ஜெயிக்கறத நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும்.”

“நீங்க வாங்க. யாரு ஜெயிக்கறதுன்னு அப்பறம் பாப்போம்.”

நீங்கள் வரவில்லை. செய்தி எனக்குத் தாமதமாக வந்தது. நான் வந்து சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். மண் போட மட்டும் இடம் கொடுத்தார்கள். இதைக்கூட எனக்கு நேரத்துக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்திருக்கும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தை வந்தது. ரீல்களைத் தனியாகக் கழற்றினேன். பெட்டியைத் திறக்கப் போகவில்லை. இரண்டு பேரும் இருக்க வேண்டும் என்பது பேச்சு. கடைக்காரர் இரண்டு முறை ஆள் விட்டார். “அது எங்களுக்குள்ள. நீங்க பூட்டப் பாத்துக்குங்க,” என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு நாள் அவரே வந்தார், உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு.

“மேஸ்திரி மாமா, அம்மா இத்தாவுல இருக்காங்க. அப்பா போனதுலேந்து நாலு மாசம் பத்து நாளு வெளிய வர முடியாது. ஆனா தெரிஞ்சாவணும்னு சொல்றாங்க,” என்றாள்.

“இன்னாம்மா தெரியணும்?”

“யாரு ஜெயிச்சாங்கன்னு. அப்பா ஆஸ்பத்திரில அத்தயே சொல்லிக்கினு இருந்தாரு. அப்பாக்குப் பதிலா நான் நிக்கறேன். பரவால்லயா?”

அந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், கடை நிறைந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து நின்றார்கள். கடைக்காரர் பூட்டைத் திறந்தார்.

என் ரீல் கொஞ்சம் கறுத்திருந்தது. பிசுபிசுப்பு இருந்தது. துணியால் துடைத்ததும் கீழே பித்தளை அப்படியே இருந்தது. சுண்டிவிட்டேன், கத்தியது. பிறகு உங்கள் மகள் உறையின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளிருந்து பச்சைப் பொடி அவள் விரலில் வந்தது. ரீல் பாதி வந்து நின்றது. அவள் இழுத்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். கைப்பிடி அசையவே இல்லை.

“பாய் தோத்துட்டாரு டோய்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“வாய மூட்றா,” என்றார் கடைக்காரர். “ஜெயிச்சிட்டீங்க மேஸ்திரி,” என்றார் என்னிடம், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில்.

உங்கள் மகள் பச்சை விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நீட்டிக்கொண்டே நின்றாள். “அம்மாகிட்ட இன்னா சொல்லட்டும் மாமா?”

நான் சொன்னதுதான் சரி. அது என் கையிலேயே இருந்தது. இத்தனை வருஷம் என்னை எண்ணெய் மேஸ்திரி என்று கூப்பிட்ட அத்தனை பேரும் எதிரில் நின்றார்கள். வாயைத் திறந்தேன். அப்போது நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பெட்டியில் வைக்கும்போது நம் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. தோற்றவுடன் உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோற்கும்போதுதான் உங்கள் மூளை நன்றாக வேலை செய்யும்.

“இந்த ரீல்ல எண்ணெயே போடலம்மா,” என்றேன். “எண்ணெ போடாத பித்தளை மழைல சும்மா கெடந்தாலே பச்சை புடிக்கும். இது தோலால வந்துச்சா, இல்ல எண்ணெ இல்லாததால வந்துச்சா? இதுல எப்படித் தெரியும்?”

“இன்னா மேஸ்திரி, ஜெயிச்ச கேஸ நீங்களே ஒடைக்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

“நான் ஒடைக்கல. அவரு இருந்தா கேப்பாரு. கேக்காம விடுவாரா?”

“மாட்டாரு,” என்றாள் உங்கள் மகள்.

“அம்மாகிட்ட, இன்னும் முடியலன்னு சொல்லும்மா.”

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் நானும் இல்லை.

இப்போது வேண்டியது மூன்றாவது ஒரு ரீல். அதே அச்சு, அதே பித்தளை; எண்ணெயும் இல்லாமல், உறையும் இல்லாமல் வைத்துப் பார்க்க. அதற்காக இந்த வருஷம் முழுக்க அலைந்தேன். ஜோலார்பேட்டையில் அந்தக் குடும்பங்கள் யாரும் இல்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், பஸ் கூட்டம் ஒரு பக்கம். உங்கள் வாதத்தைக் காப்பாற்ற நான் ஏன் இந்த வயசில் தெருத்தெருவாகப் போக வேண்டும் என்று எரிச்சலாக வரும். மறுநாள் மறுபடி கிளம்புவேன். மேல்விஷாரத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. அவர்கள் அதில் காற்றாடி நூல் சுற்றி வைத்திருந்தார்கள். கொடுக்க மனசில்லை. நல்ல மர உருளை ஒன்று கடைந்து கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

மூன்றையும் கழுவினேன். பழைய உறை பச்சை குடித்துப் போயிருந்தது. அதை மறுபடி வைத்தால் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் மனைவி பீரோவைத் தேடி, அதே தோலில் ஒரு துண்டு மிச்சம் இருந்ததைக் கொடுத்தனுப்பினார். உங்கள் மகள் தைத்தாள். தையல் உங்கள் தையல் மாதிரி இல்லை. அதைச் சொன்னேன், கோபித்துக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை பெட்டி மறுபடி கல்லாவுக்கு மேலே ஏறிவிட்டது. இன்று மழையும் வந்துவிட்டது.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, பாய். முன்பெல்லாம் என் பக்கத்தை மட்டும் நான் பேசினால் போதும். உங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருந்தீர்கள். இப்போது எந்த ரீலைக் கையில் எடுத்தாலும் நான் ஒன்று சொல்கிறேன், உடனே அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆள் வேலை. யாரும் பாதியை வாங்கிக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் பக்கத்தை இன்னொருவரிடம் கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. சரியாகச் சண்டை போடத் தெரியாதவர்கள் கையில் அதை எப்படிக் கொடுப்பது?

தையில் திறக்கிறோம். மூன்றாவது ரீல் சுத்தமாக இருந்தால் தோல்தான் தின்றது, நீங்கள் தோற்றீர்கள். அது பச்சையாக இருந்தால் உடனே நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காற்றாடி நூலில் தடவிய பசை அதில் எங்காவது ஒட்டியிருக்கலாம். அதற்கு இன்னொரு மழை பார்க்க வேண்டும்.